எண்பத்தொரு சதவீதத்தில் ஒரு கொலை!

டெலிபோன் அலறிய அதே நொடியில், திரையில் 'தையல்' செத்து விழுந்தது.

எண்பத்தொரு சதவீதம்... மறுபடியும்!

"அடச்சே!"

கீபோர்டை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள் அவள்.

"என்னம்மா டாக்டர்... பேஷண்ட் பொழைச்சுக்குமா?"

இன்ஸ்பெக்டரின் கரகரத்த குரல்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளுக்கு உயிர் கொடுக்கிறவள். 'குழந்தையோட போட்டோ எல்லாம் போச்சே' என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவர்கள், சிரித்துக்கொண்டு திரும்பும்போது வைத்துவிட்டுப் போன பெயர் அது. போலீஸும் அவ்வப்போது டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வரும்.

இந்த முறை வந்த டிஸ்க்கில் அவளுடைய சொந்தத் தம்பியின் தலையெழுத்தே இருந்தது!

"இன்னும் தெரியல சார். எண்பத்தொண்ணு வரைக்கும் ஜம்முனு போகுது. அப்புறம் பொத்துனு விழுந்துடுது."

"சாயங்காலம் உன் தம்பியைக் கோர்ட்ல நிறுத்தணும். அதுக்குள்ள ஏதாவது காட்டுனாத்தான் உண்டு. இல்லேன்னா கொலைக்கேஸுதான்."

"சார்... அவன் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டான் சார்!"

"கரப்பான்பூச்சி செத்திருந்தா நானும் நம்பியிருப்பேன்மா. செத்தது அவன் முதலாளி!"



முதலாளி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். நாலாவது மாடிப் படிக்கட்டிலிருந்து உருண்டு விழுந்து, மூன்றாவது மாடியில் பிணமாகக் கிடந்தார். தானாக விழவில்லை, யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று பிரேதப் பரிசோதனை சொல்லிவிட்டது. அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் பார்த்துக்கொள்கிற வேலை தம்பிக்கு. அன்றைக்குக் காலையில்தான் முதலாளியோடு எல்லோரும் பார்க்க வாய்த்தகராறு. போதாதா?

படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு கேமரா இருந்தது. தள்ளினவன் முகம் அதில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் கேமரா பதிவு செய்கிற டிஸ்க், சொல்லி வைத்தாற்போலக் கெட்டுப்போயிருந்தது!

"கேமரா ரூம் சாவி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "டிஸ்க்கும் கரெக்டா அன்னிக்கே புட்டுக்குச்சு. தள்ளினதும் அவன்... டிஸ்க்கைக் கெடுத்ததும் அவன். இதுக்கு மூளைகூட வேணாம்மா."

"கரன்ட் பட்டுனு போனாலே டிஸ்க் கெடும் சார்!"

"அதை எனக்குக் காட்டுன்னுதான் சொல்றேன்."

டொக்!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

'தையல்' என்பது ஒரு ப்ரோக்ராம். கிழிந்து தொங்குகிற டிஸ்க்குக்குள் நுழைந்து, எந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்துக் கொடுக்கும். எழுதியவர் வேறு யாருமில்லை... அவளுடைய கணவர்தான். மாடியில் ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு திரை. அதுதான் அவருடைய உலகம். கீழே கடை. அது அவளுடைய உலகம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டு உலகமும் சந்தித்துக்கொள்ளும்.

இதுவரை தையல் அவளைக் கைவிட்டதே இல்லை.

இன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணுகிறது!

மெஷினில் கோளாறோ என்று வேறு மெஷினில் ஓட்டினாள். எண்பத்தொன்று. மெமரியைக் கழற்றிப் புதுசு மாட்டினாள். எண்பத்தொன்று. டிஸ்க்கிலிருந்து எடுத்த இன்னொரு காப்பியில் ஓட்டினாள். அங்கேயும் அதே எண்பத்தொன்றில் அதே 'பொத்'!

மெஷின் கோளாறென்றால் ஒரு தடவை இங்கே விழும், ஒரு தடவை அங்கே விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

மாடிக்குப் போன் போட்டாள்.

"என்னங்க... தையல் க்ராஷ் ஆகுதுங்க."

"மெமரி பத்தாம இருக்கும்."

"மெமரி மாத்தியாச்சு. மெஷினையே மாத்தியாச்சு. எண்பத்தொண்ணுல ஒரு ஃபோல்டர்... அதைத் தொட்டாலே செத்துடுது."



"சரி, அப்ப அந்த ஃபோல்டரை ஸ்கிப் போட்டு ஓட்டு. தாண்டிப் போயிடும்."

"உள்ள என்ன இருக்குன்னே பாக்காமலா?"

"குப்பைதான் இருக்கும். ஒரு ஃபோல்டர் போனா என்ன குடி முழுகிடப் போகுது? உன் தம்பிக்கு டைம் இல்லைல்ல... போட்டு விடும்மா!"

எழுதினவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் ஏது?

அவள் ஸ்கிப்பை அழுத்தினாள். தையல் உடனே ஓடவில்லை. ஒரு கேள்வி கேட்டது.

'இந்த ஃபோல்டரும் அதற்குள் இருப்பவை அனைத்தும் கைவிடப்படும். சம்மதமா?'

கீழே ஃபோல்டரின் பெயர். கேமரா ரெக்கார்டர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குத் தேதியையே பெயராக வைத்துவிடும்.

அவள் அந்தத் தேதியைப் படித்தாள்.

'சம்மதம்' என்கிற பட்டன் மேல் போன விரல், சுட்டதுபோல் பின்னால் வந்தது.

முதலாளி செத்த தேதி!

"கடவுளே..."

தையலை மூடினாள். மூன்றாம் மனுஷர் யாரும் வேண்டாம், நேராகவே பார்த்துவிடலாம் என்று டிஸ்க்கின் பச்சை எழுத்துகளைத் திரையில் விரித்தாள். வரிவரியாக எண்கள். சாதாரண ஆளுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அவளுக்கு அது பேப்பர் படிக்கிற மாதிரி.

ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்தால், அது டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

போனவள், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள்!

"என்னடா இது கூத்து?"

மறுபடி போனாள். மறுபடி அதே இடம். ஃபோல்டர் தன்னையே தனக்குள் வைத்திருந்தது! வீட்டுக்குள் ஒரு அலமாரி... அலமாரியைத் திறந்தால் உள்ளே அதே வீடு... அதற்குள் அதே அலமாரி... தையல் பாவம், உள்ளே உள்ளே என்று போய்க்கொண்டே இருந்து மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

கரன்ட் போனதில் இப்படிக் கெடுமா? கெடலாம், அதிர்ஷ்டம் ரொம்பக் கெட்டிருந்தால். ஆனால் அவள் கண், திரையின் ஓரத்தில் இருந்த ஓர் எண்ணின் மேல் போய் நிலைத்தது.

டிஸ்க்கில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு உதைக்கும். தானாகக் கெட்ட இடம் என்றால் உதைத்தே தீர வேண்டும்.

இங்கே உதைக்கவில்லை! கணக்கு கச்சிதமாக இருந்தது!

"பூட்டை உடைச்சவன்... திரும்பவும் ஒழுங்கா பூட்டி வச்சுட்டுப் போயிருக்கான்!"

யாரோ கையால் முகவரியை மாற்றி, சரிபார்ப்பு எண்ணையும் புதிதாகக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். எதற்காக? எண் உதைத்திருந்தால் தையல் சந்தேகப்பட்டு அந்தத் துண்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கும். எண் சரியாக இருந்ததால் நம்பி உள்ளே போய் விழுந்தது.

இது சும்மா வெட்டின குழி இல்லை. தையலுக்கு அளவெடுத்து வெட்டின குழி!

தையலின் பலவீனம் யாருக்குத் தெரியும்?

எழுதினவருக்கு.

 ஸ்கிப் போடு என்று சொன்ன அந்தக் குரல் காதில் ரீங்காரமிட்டது. சீ, புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கை மட்டும் தானாகப் போனை எடுத்தது.

"சார், தம்பிகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"அதுக்கெல்லாம் ரூல்ஸ் இல்லம்மா."

"உங்க கால்ல விழறேன் சார். ஒரே நிமிஷம்."

"போன்ல எப்படிம்மா கால்ல விழுவ?" என்று முனகினாலும், போனைக் கொடுத்தார் அந்த மனுஷர்.

"அக்கா... சாப்டியா?"

லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் சாப்பிடறது இருக்கட்டும்டா. தையல் க்ராஷ் ஆகுது."

"மாமாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஸ்கிப் போடச் சொன்னார்."

 



"வேற... வேற ஒண்ணும் சொல்லலையாக்கா? நான் வந்து பாக்கறேன்னு... அப்படி ஏதாவது?"

"இல்லடா."

தம்பியின் குரல் உடைந்தது.

"அப்ப நீயே பாத்துடுக்கா. யாரையும் கேக்காத. நீயே பாரு."

அவள் பார்த்தாள்.

அன்றைய பதிவுகள் நிஜமாகக் கிடந்த இடத்தைத் தேடிப் பிடித்து, காப்பியில் அந்த முகவரியை மாற்றி எழுதினாள். சரிபார்ப்பு எண்ணைப் புதிதாகக் கணக்குப் போட்டாள். தையலை ஓட்டினாள்.

எழுபத்தொன்பது... எண்பது...

எண்பத்தொன்று...

மூச்சை அடக்கிக்கொண்டாள்.

எண்பத்திரண்டு!

"அப்பாடா!"

அதற்கப்புறம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. ஃபோல்டர் திறந்தது. உள்ளே அன்றைய பதிவுகள் வரிசையாக நின்றன. தேடிப் பிடித்துத் திறந்தாள்.

நாலாவது மாடிப் படிக்கட்டு. முதலாளி வருகிறார். யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னாலேயே ஒருவர் வருகிறார். கையை நீட்டி ஏதோ கேட்கிறார். முதலாளி மறுபடி சிரிக்கிறார். அந்த ஆளின் இரண்டு கைகளும் முதலாளியின் நெஞ்சில் பதிகின்றன...

தள்ளினவர் திரும்பினார். முகம் தெரிந்தது.

அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கத்தினால் மாடிக்குக் கேட்டுவிடும்!

தினமும் அவள் சோறு போடுகிற முகம். பத்து வருஷமாகப் பக்கத்தில் தூங்குகிற முகம்.

ஒரு நிமிஷம் எதுவுமே ஓடவில்லை. அழித்துவிடலாமா என்றுகூட ஒரு பாழாய்ப்போன நினைப்பு வந்தது. அடுத்த நொடியே, 'சாப்டியாக்கா' என்று கேட்ட குரலும் வந்தது.

போனை எடுத்தாள். குரலைக் குறைத்துக்கொண்டு பேசினாள்.

"சார்... கிளம்பி வாங்க. தம்பியையும் கூட்டிட்டு வாங்க. பின்பக்கக் கதவைத் திறந்து வைக்கிறேன்."

பின்பக்கக் கதவைத் திறந்தாள். அப்புறம் அலமாரிப் பக்கம் போய் ஒரு காரியம் செய்தாள். என்ன காரியம் என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்!

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

சரக்... சரக்... சரக்...

மாடி உலகம், சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்தில் கீழே இறங்கி வந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் கணவர்.

"இல்லைங்க. மறுபடியும் போயிடுச்சு."

"ஸ்கிப் போட்டியா இல்லியா?"

"போட்டேன்... காப்பியிலதான் ஏதோ கோளாறு போல."

"அதான் விஷயம்! காப்பியைக் கட்டிட்டு அழுதா எப்படி? ஒரிஜினல்லயே ஓட்டிட வேண்டியதுதான்."

"ஒரிஜினல்லயா? ஒரிஜினலைத் தொடவே கூடாதுங்க. ஸ்கிப் போட்டா போனது போனதுதான். திரும்பி வராது."

"எனக்கே தையலைப் பத்திச் சொல்லித் தரியா? எங்க ஒரிஜினல்?"

அவள் விரலை நீட்டினாள். மேஜை ஓரத்தில் ஒரு பழுப்புக் கவர். அவர் ஒரே எட்டில் போய் எடுத்துக்கொண்டார். கவரைக் கிழித்து டிஸ்க்கை வெளியே எடுத்தார். 

"என்னங்க."

"என்ன?"

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னிக்கு?"

"அவன் முதலாளி செத்த அன்னிக்கு."

"எங்க இருப்பேன்? வீட்டுலதான்."

"நம்ம வீட்டுக்கு நாலாவது மாடி எப்பங்க கட்டினோம்?"

அவர் அப்படியே நின்றார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சரி..." என்றார். "பாத்துக்கோ!"

கையை ஓங்கி டிஸ்க்கைத் தரையில் அடித்தார்.

படார்!

மேலே ஏறி மிதித்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நடுவில் குத்தினார். உள்ளே இருந்த கண்ணாடித் தட்டு சில்லு சில்லாக நொறுங்கிச் சிதறியது!

"இப்ப... இப்ப என்ன பண்ணுவ?" மூச்சு வாங்கியது அவருக்கு. "ஒரிஜினல் இல்லேன்னா உன் காப்பி வெறும் சினிமா. கம்ப்யூட்டர்ல ஒட்டி வெட்டிப் பண்ணிட்டான்னு நானே கோர்ட்ல சொல்வேன். தம்பியைக் காப்பாத்தறதுக்கு அக்கா பண்ணின பித்தலாட்டம்னு சொல்வேன்!"

"உங்களுக்குப் பதிலா என் தம்பி தூக்குல தொங்கணுமா?"

"அவனுக்கு என்ன, புள்ளையா குட்டியா? யோசிச்சுப் பாரு. நமக்கு ஒரு வாழ்க்கை இருக்கு!"

"எதுக்குங்க... எதுக்குப் பண்ணினீங்க?"

"பாத்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போய், என் தையலை அவன் பேர் போட்டு வித்திருக்கான். ராத்திரி பகல் பாக்காம நான் எழுதினது! கேக்கப் போனா... சிரிக்கறான். சிரிக்கறான்மா! தள்ளினேன். அவ்வளவுதான்!"

"அடடா! கேஸ் டைரியில அப்படியே எழுதிக்கற மாதிரி கோர்வையா சொல்லிட்டீங்களே!"

பின்பக்கக் கதவில் இன்ஸ்பெக்டர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்!

கணவர் விக்கித்துப்போனார். ஆனாலும் விடவில்லை.

"சாட்சி? சாட்சி எங்க சார்? ஒரிஜினல் இதோ, தூளாக் கிடக்கு!"

"ஒரிஜினலா?" இன்ஸ்பெக்டர் பையிலிருந்து சீல் வைத்த கவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதைச் சொல்றீங்களா? காப்பி எடுத்து முடிச்ச கையோட நான் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேன். எப்பவும் அப்படித்தான். கீழ வந்து கடையை எட்டிப் பாத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப இது?"

"பல் டாக்டர் ஒருத்தர் குடுத்தது" என்றாள் அவள். "எப்பவோ செத்துப்போன டிஸ்க். தூக்கிப் போடச் சொல்லிட்டார். அலமாரியிலிருந்து எடுத்து நான்தான் கவர்ல போட்டு வச்சேன். பொணத்தை நல்லா கொன்னிருக்கீங்க."

அவர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை.

"தள்ளினீங்க, சரி. கோவம்னு சொல்றீங்க. அதுக்கப்புறம் நிதானமா உக்காந்து குழி வெட்டினீங்களே... உங்க தையலே போய் விழற மாதிரி, சரிபார்ப்பு எண்ணைக்கூட விடாம! அந்த நேரத்துலகூட என் தம்பி முகம் ஞாபகம் வரலையா?"

"குழியா?" கணவர் நிமிர்ந்தார். "எந்தக் குழி?"

"நடிக்காதீங்க!"

"சத்தியமா தெரியலைம்மா. நான் கேமரா ரூம் பக்கமே போகலை. அங்க கேமரா இருந்ததே எனக்கு அப்ப தெரியாது. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு!"

பொய் சொல்கிற முகமாக இல்லை. பத்து வருஷம் பார்த்த முகத்தில் அதுகூடவா தெரியாது? அவள் குழம்பிப்போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"அப்ப டிஸ்க்கைக் கெடுத்தது யாரு?"

"நான்தான்க்கா."

இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து தம்பி முன்னால் வந்தான்!

"டேய்!"

"சத்தம் கேட்டு ஓடினேன். முதலாளி கீழ கிடக்கார். யாருன்னு தெரிஞ்சுக்க ரூமுக்கு வந்து ரெக்கார்டரைத் திருப்பிப் பாத்தா... மாமா."

"போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொன்னா உன் வாழ்க்கை போச்சு. அழிச்சா என் வாழ்க்கை போச்சு. என்ன பண்றதுன்னே புரியலைக்கா. தன்னையே சுத்திக்கற ஃபோல்டர்ல தையல் விழும்னு மாமாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். நம்பவே மாட்டார். அவருக்குக் காட்டறதுக்காக ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி பென் டிரைவ்ல வச்சிருந்தேன். அதை எடுத்து ஓட்டி விட்டுட்டேன்."

"எதுக்குடா?"

தம்பி கணவரைப் பார்த்தான். கோபமே இல்லாத பார்வை. அதுதான் கொடுமை.

"தையல் விழுந்தா நீ மாமாவைத்தான் கூப்பிடுவேன்னு தெரியும். ஏன் விழுதுன்னு அவருக்கும் உடனே தெரிஞ்சிடும். நான் உள்ள இருக்கேன்... மாமா மனசு கேக்காது... அவரே இறங்கி வந்து, அவர் கையாலயே சரி பண்ணிக் குடுத்துட்டு, நான்தான்னு சொல்லிடுவார்னு நெனச்சேன்க்கா. ஒரு வாய்ப்பு குடுக்கலாம்னு நெனச்சேன்."



கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மொத்த அழுகையும் வந்தது.

இன்ஸ்பெக்டர் கனைத்தார்.

"தம்பி மேல சாட்சியத்தைக் கெடுத்த கேஸ் ஒண்ணு உண்டும்மா. சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"போடுங்க சார். வக்கீல் வச்சு நான் பாத்துக்கறேன்."

"நீங்க எந்திரிங்க சார், போலாம்" என்றார் கணவரிடம்.

விலங்கு மாட்டின கையோடு கணவர் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போயிட்டா தையலை யாரு பாத்துப்பா? புது வெர்ஷன் பாதியில நிக்குதே..."

இன்ஸ்பெக்டரே அசந்துபோய் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தொந்தரவே இல்லாத ஒரு ரூம் கிடைச்சா ஒரே மாசத்துல முடிச்சுடுவேன்னு கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுட்டிருக்கார் சார்... குடுத்துடுங்க. பூட்டையும் சேத்து!"